புறப்புற முழவு: ‘கலா’ இசைத்தொகுதியின் ஒலிப்பதிவும் மலையகத் தப்பும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதைக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், தமிழகத்தில் வழங்கிய தோற்கருவிகளைப் பெயர் சொல்லி அடுக்கிய பின், அவற்றை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு, புறப்புறமுழவு, பண்ணமைமுழவு, நாண்முழவு, காலைமுழவு என எழுவகைப்படுத்துகின்றார். மத்தளம், இடக்கை, குடமுழா முதலாயின அகத்தன. சாவுக்கு முழங்கும் நெய்தற்பறை முதலாயின புறப்புறத்தன. ஓசையின் மென்மை வன்மை பற்றியும் அவைக்கேற்ற தகுதி பற்றியும் எழுந்த பகுப்பு இது என்று கொள்வதே நேரிது. ஆயினும் புறம் என்ற சொல்லை ஒருமுறைக்கு இருமுறை அடுக்கியே அக்கருவியைச் சுட்ட வேண்டியிருந்தது என்பதை நோக்குமிடத்து, கருவியோடு அதனைக் கையாண்டாரும் ஊரின் எந்த எல்லைக்கு அப்பால் நிறுத்தப்பட்டனர் என்பது தானே புலனாகும். தொல்காப்பியரோ பறையை ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தவர். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை என்பர். கருப்பொருளாக நடுவில் இருந்தது புறப்புறமாகிய வரலாறு நெடியது. அதனை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்வாறு புறத்தே நின்ற கருவி, 2006-ஆம் ஆண்டளவில் சென்னைக் கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடமொன்றில் நடுநாயகமாக வந்து நின்றதும், அங்கிருந்து உலகெங்கும் சென்றதும், அச்செலவில் அது பெற்றது யாது, இழந்தது யாது என்பதுமே இங்கு ஆராயப்படுவன.

ஒலிப்பதிவுக் கலை தொடக்கத்தில் முழவுக்கு இடங்கொடுக்கவில்லை. கிராமபோன் கம்பெனியின் பொருட்டுக் கெய்ஸ்பர்க் என்பார் 1902-இல் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைத் தட்டுகளிற் பதிந்தபோது, மின்விசை ஒலிவாங்கி இன்னும் தோன்றியிருக்கவில்லை. பாடுவோர் பெரியதொரு கூம்பின் வாயருகே நின்று உரத்துப் பாடவேண்டும். அவ்வதிர்வே ஊசியை அசைத்து மெழுகிற் கோடு கீறும். பெருமுரசின் அடி அவ்வூசியைத் தடம் பிறழச் செய்யுமாதலின், மேனாட்டிலும் முழவோரைக் கூம்பிலிருந்து தொலைவில் நிறுத்தினர். சிலவேளை முற்றாகவே விலக்கினர். 1925-இல் மின்முறைப் பதிவு வந்த பின்னரே தோற்கருவியின் அடியோசை தட்டில் ஒழுங்காகக் கேட்கலாயிற்று. சாதியால் ஒருமுறை புறத்தே நின்றது, பொறியால் மற்றொருமுறை புறத்தே நின்றது.

பின்னர் வந்த காந்தநாடாவும் பல்தடப் பதிவும் கூடத்தையே ஓர் இசைக்கருவி ஆக்கிவிட்டன. பீற்றில்ஸ் குழுவினர் 1966-இல் மேடையேறுவதை நிறுத்திக்கொண்டு, இலண்டன் ஆபி றோட்டிலுள்ள கூடத்தில் நான்கு தடங்களை மேலும் மேலும் அடுக்கி ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ்’ தொகுதியை 1967-இல் வெளியிட்டனர். அக்குழுவைச் சேர்ந்த போல் மக்கார்ட்னி 1970-இல் எல்லாக் கருவிகளையும் தாமே வாசித்துத் தனித்தொகுதி ஒன்று செய்தார். றொக் இசையில் ‘தனித்தொகுதி’ என்ற வகை, ஒருவர் தம் பெயரால் நின்று தம் குரலையும் தம் மனப்போக்கையும் முதன்மையாக வைப்பது. ஆயின் அத்தனிமைக்குப் பின்னால் எத்தனை கைகள் உழைத்தன என்ற வினா அன்று தொட்டே அதனுடன் ஒட்டிக்கொண்டு வருகின்றது.

தமிழரிடையே இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்பியவர் எம்.ஐ.ஏ. எனப் புனைபெயர் பூண்ட மாதங்கி அருட்பிரகாசம். மாயா என்பது அவரது வழக்குப் பெயர். 1975-இல் இலண்டனிற் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, போர் முற்றிய 1980-களில் தாயுடன் மீண்டும் இலண்டனுக்கு ஏதிலியாகச் சென்றவர். தந்தையார் அருளர், ஈழப் புரட்சி அமைப்பைத் தோற்றுவித்தாருள் ஒருவர். 1977-ஆம் ஆண்டுக் கலவரத்தில் அகதிகளை ஏற்றிச் சென்ற கப்பலின் பெயரால் ‘லங்கா ராணி’ என்ற நாவலை எழுதியவர். தோட்டத் தொழிலாளர் நிலையைத் தமது கொள்கையின் மையத்தில் வைத்துப் பேசிய இயக்கம் அது என்பது மலையகத்தார் அறிந்ததே. மகளின் பெயரும் ஒரு குறிப்புக்கு இடந்தருகின்றது. மாதங்கி இசைக்குத் தலைவியாகிய தேவி, வீணை ஏந்தியவள், தந்திர நூல்கள் அவளை ஊர்ப்புறத்துச் சேரியோடு சேர்த்தே பேசும். அகமும் புறமும் ஓருருவில் நிற்கும் அத்தெய்வத்தின் பெயரையே இக்கலைஞர் 2013-இல் தமது நான்காம் தொகுதிக்கு இட்டுக்கொண்டார்.

முதற்றொகுதி தந்தை பெயரால் ‘அருளர்’ என 2005-இல் வந்தது. ஓவியமும் திரைப்படமும் பயின்ற அவர், இலாஸ்ரிக்கா என்னும் குழுவின் பாடகியிடம் இரவலாகப் பெற்ற றோலண்ட் எம்.சி.-505 என்னும் தாளப் பொறியொன்றில் தாமாகவே தட்டித் தட்டிப் பழகி அதன் பாட்டுகளை அமைத்தார். ஆதலின் அத்தொகுதியின் தாளம் பொறியின் தாளம். உலர்ந்தது, கூரியது, வெற்றிடம் மிகுந்தது. இரண்டாந் தொகுதி தாயின் பெயரால் ‘கலா’ என 2007-இல் வெளிவந்தது. முன்னதை ஆண்பாற்பட்டதென்றும் பின்னதைத் தாயின் போராட்டம் பற்றியதென்றும் அவரே வேறுபடுத்தினார். அத்தாய் இலண்டனிலே தையற்றொழில் செய்து பிள்ளைகளை வளர்த்தவர்.

‘கலா’வின் ஒலிப்பதிவு முதலில் எண்ணியபடி நடக்கவில்லை. அமெரிக்காவில் டிம்பலாண்ட் என்னும் பெயர்பெற்ற இசையமைப்பாளருடன் கூடத்தில் அமர்ந்து தொகுதியின் பெரும்பகுதியைச் செய்வதே முதலிற் போட்ட திட்டம். 2006-இல் அந்நாட்டுக்கு நுழைவுரிமை மறுக்கப்பட்டது. எனவே சுவிட்ச் என்ற புனைபெயர் கொண்ட ஆங்கில இசைத் தயாரிப்பாளரோடு நாடு நாடாகச் சென்று பதியும் நிலை உண்டாயிற்று. இந்தியா, திரினிடாட், யமேக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா என அப்பயணம் விரிந்தது. ஒரே கூடம், ஒரே குழு, ஒரே பருவம் என்ற வழக்கம் உடைந்து, ஊர்தோறும் கிடைத்த ஒலியை மூட்டை கட்டிக்கொண்டு வருவதே பதிவு முறையாயிற்று. குடிவரவு அலுவலகத்தின் முத்திரை ஒன்று ஓர் இசைத்தொகுதியின் தாளத்தையே மாற்றியமைத்தது விந்தைதான். குடியுரிமைத் தாள்களோடு ஒரு நூற்றாண்டு மல்லுக்கட்டிய மலையகத்தாருக்கு அவ்விந்தை புதிதன்று.

சென்னையில் ஏ. ஆர். ரகுமானின் ஒலிப்பதிவுக் கூடம் அவருக்குக் கிடைத்தது. அங்கே உருமி முதலிய முழவுகளை வாசிக்கும் கலைஞர் கூட்டத்தை அழைத்துப் பதிவு செய்தனர். ‘பேர்ட் புளூ’, ‘பொய்ஸ்’, ‘வேர்ல்ட் ரவுண்’ என்னும் பாட்டுகளின் எலும்புக்கூடு அப்பதிவே. உருமி இருமுகமும் இடுங்கிய நடுவும் உடையது. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க உறுமலும் முனகலும் எழும், மறுமுகம் அடிக்குரியது. கோயிற் கொடையிலும் தேவராட்டத்திலும் சாவூர்வலத்திலும் ஒலிப்பது. மலேசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர் அதனைக் கொண்டுசென்று தைப்பூசத்துக்கு உரியதாக்கினர். மேனாட்டு இதழ்கள் உருமியை எழுதும்போது, பறை, தப்பு, உருமி யாவற்றையும் ஒரே மூச்சில் ‘கானா முழவு’ என்றும் ‘கோயில் முழவு’ என்றும் வழங்கின. சென்னைச் சேரியின் கானா ஒருபுறம், தென்மாவட்டத்துக் கோயிற்கொடை மறுபுறம், இவை இரண்டையும் பிரித்தறியாத எழுத்தே பெரும்பாலும் வந்தது. அடியார்க்குநல்லார் ஏழாகப் பகுத்ததை அவர்கள் ஒன்றாக்கினர் எனலாம். அதில் ஓர் எதிர்பாராத நன்மையும் உண்டு. புறப்புறம் என்ற வகையே அவர்களுக்குத் தெரியாது.

மலையகத்திற்கு உரியது தப்பு. வட்டமான மரச்சட்டத்தில் மாட்டுத்தோல் இழுத்துக் கட்டிய ஒருமுகக் கருவி. இடக்கையில் நீண்டு மெலிந்த குச்சி, வலக்கையிற் குறுகித் தடித்த குச்சி. தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்தபோது கொண்டுவந்த உடைமைகள் மிகச் சிலவே. அவற்றுள் தப்பும் ஒன்று. அது தோட்டத்தில் அடைந்த பயன் வேறெங்கும் காணப்படாதது. விடியுமுன் ஆட்களை எழுப்பிப் பெரட்டுக்களத்திற் கூட்டுவதற்கு அதுவே கருவி. பெரட்டுத் தப்பு என்றே அதற்குப் பெயர். சாவுத் தப்பு வேறு. கலியாணத் தப்பு வேறு. காமன் கூத்துக்குரிய அடி வேறு. லயத்துக் காம்பராவிற் படுத்திருப்போர் அடியைக் கேட்ட மாத்திரத்தில் ஊரில் நிகழ்ந்தது நன்றோ தீதோ என்று அறிவர். உரையாசிரியர் காலைமுழவு என ஒரு வகை வகுத்துத் துடியை அதற்குரியதாக்கினார். துரைமாரோ தப்பையே காலைமுழவாக்கி, அதனை நிறையும் பேரும் கணக்கிடும் ஆட்சிக்குள் அடைத்தனர். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து வாழ்வை ஆங்கிலத்தில் நெடும்பாட்டாகப் பாடியபோது, அதன் விடியலை அம்முழவின் துடிப்பிலேயே தொடங்கியது தற்செயலன்று. அப்பாட்டைச் சக்தீ அ. பாலையா ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாக்கினார். பெரட்டுத் தப்பின் இடத்தைத் தொழிற்சாலைச் சங்கு பின்னர்க் கைப்பற்றிக்கொண்டது.

நுவரெலியாவின் ஆறாயிரம் அடி உயரத்துப் பனியிலும் ஈரத்திலும் தோல் விரைவில் தளர்ந்துவிடும். எனவே வைக்கோலோ சருகோ மூட்டிய தீயில் தப்பைக் காட்டிச் சூடேற்றிச் சுருதி கூட்டுவர், சில நாழிகையில் மீண்டும் தளரும், மீண்டும் தீ. சமவெளியில் ஒருமுறை காய்ச்சினால் நெடுநேரம் நிற்பது, மலையில் இரவு முழுதும் தீயை அணையவிடாமற் காக்கும் வேலையாகின்றது. ஆகவே மலையகத் தப்பின் ஓசை ஓரிரவுக்குள்ளேயே ஏறியிறங்குவது. தீயினின்று எடுத்த உடனே கண்ணீரென்று ஒலிக்கும். பின்னர் மெல்ல மெல்ல மந்தமாகும். அவ்வேற்ற இறக்கத்தோடு கூத்தின் வேகமும் இணைந்து செல்லும். சாவூர்வலத்திலும் அவ்வாறே. பாடை சுமப்போர் செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் ஏறும்போது அடி தளர்ந்து, சமநிலத்துக்கு வந்ததும் விரையும். தாளத்தைத் தீர்மானிப்பது மலையின் சரிவு.

இந்த இடத்தில்தான் ‘கலா’வைச் செவிகொடுத்துக் கேட்கும் ஒருவருக்குப் பெருமகிழ்ச்சியும் ஓர் ஐயமும் ஒருங்கே எழுகின்றன. மகிழ்ச்சிக்குக் காரணம் வெளிப்படை. ‘பேர்ட் புளூ’ தொடங்கியவுடன் முழவுகள் செவியின் அருகிலேயே வந்து விழுகின்றன. குழந்தைகளின் கூச்சலும் கோழிகளின் கொக்கரிப்பும் ஊடே கலந்து, கூடத்தின் பஞ்சுச் சுவர்களை மறக்கச் செய்து, ஒரு தெருவையே கொண்டுவந்து நிறுத்துகின்றன. திரைப்பாட்டில் இம்முழவுகள் பெரும்பாலும் குத்தாட்டத்துக்கோ சாவுக் காட்சிக்கோ உரிய அடையாளமாகவே வரும். வயலின்களின் பின்னால் ஒதுங்கி நிற்கும். இங்கே அவற்றுக்கு மேல் வேறு மெத்தை ஏதும் விரிக்கப்படவில்லை. குரல் முழவின் மீது நேராகக் கால் வைத்து நடக்கின்றது. மென்மையாக்காமல், விளக்கஞ் சொல்லாமல், ‘நாட்டார் கலை’ என்ற சீட்டு ஒட்டாமல், இன்றைய நகரத்து இளைஞன் ஆடுதற்குரிய ஓசையாகவே முழவை நிறுத்திய துணிவு பெரிது. தமிழிசை அறிஞர் பலர் நெடுங்காலம் செய்யத் தயங்கியதை அது செய்தது.

ஐயம் யாதெனின், அம்முழவுகள் ஏறவும் இறங்கவும் அறியா என்பது. கணினியில் ஒலியை வெட்டி, ஒரு துண்டைச் சுற்றாக்கி, அளவு பிசகாமல் மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்தல் இக்காலப் பதிவு முறை. ‘பேர்ட் புளூ’விற் புதிதாகப் பதிந்த முழவோடு, ‘ஜெயம்’ (2003) திரைப்படத்துக்கு ஆர். பி. பட்நாயக் அமைத்த பாட்டொன்றின் தாளத்துணுக்கும் கோக்கப்பட்டுள்ளது. இரண்டும் ஒன்றையொன்று பிரித்தறிய ஒண்ணாதபடி ஒரே சக்கரத்திற் சுழல்கின்றன. முழவோன் கை களைப்பதில்லை, தோல் தளர்வதில்லை, தீ வேண்டுவதில்லை. ஆட்டக்களரிக்கு அவ்வொழுங்கு இன்றியமையாதது என்பர், அஃது உண்மையே. எனினும் சரிவில் ஏறும் பாடையோடு நடந்த முழவைக் கேட்ட செவிக்கு, இது உயிருள்ள ஒன்றன் மிக அழகிய நிழற்படம் போலவே தோன்றும். இளங்கோவடிகள் தண்ணுமை ஆசிரியனின் அமைதி கூறுமிடத்து, ஏனைக் கருவிகள் குறைந்தவிடத்து நிறைக்கவும் மிகுந்தவிடத்து அடக்கவும் வல்லவனே ஆசிரியன் என்னும் கருத்தை வைத்தார். ‘கலா’வில் அந்நிறைத்தலும் அடக்குதலும் முழவோன் கையை விட்டுக் கலவை மேசையின் முன் அமர்ந்தவர் கைக்குப் போய்விட்டன. ஒலியை ஈந்தவன் முழவோன். முழவு வாசித்தவர் சுவிட்ச்.

தொகுதியின் ஏனைய பகுதிகளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. முதற்பாட்டாகிய ‘பம்பூ பங்கா’, ‘தளபதி’ (1991) படத்துக்கு இளையராசா அமைத்த ‘காட்டுக்குயிலு’ பாட்டின் துணுக்கின்மீது எழுப்பப்பட்டது. அத்துணுக்கைக் கேட்டவுடன் லயத்துப் பிள்ளைகளும் இனங்கண்டுகொள்வர். ‘ஜிம்மி’ என்பது ‘டிஸ்கோ டான்ஸர்’ (1982) என்னும் இந்திப் படத்துக்குப் பப்பி லாகிரி அமைத்த பாட்டின் மறுவடிவம். கேட்டு மகிழ்ந்து மறந்துவிடத்தக்கது. அவுஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவருடன் சேர்ந்த பாட்டு அச்சிறுவருக்காகவே கேட்கத்தக்கது. உலகெங்கும் பரவிய ‘பேப்பர் பிளேன்ஸ்’, ஆங்கிலப் பங்க் குழுவாகிய த கிளாஷ் 1982-இல் வெளியிட்ட பாட்டொன்றன் துணுக்கிலும், துப்பாக்கி வெடியோசையிலும், கல்லாப்பெட்டி ஓசையிலும் நிற்பது. குடியேறியவரைப் பற்றி ஊரார் கொண்ட அச்சத்தையே எள்ளி நகையாடும் கூர்மை அதற்குண்டு. ஆயின் தொகுதிக்கே பெரும்புகழ் தேடித்தந்த அப்பாட்டிற் சென்னை முழவுக்கு வேலையில்லை. கூடத்துக்கு உள்ளே அழைக்கப்பட்ட புறப்புற முழவு, புகழ் வந்த நேரத்திற் சற்றே வெளியில் நின்றது எனலாம்.

தாயின் பெயர் தாங்கிய தொகுதியில் வேறொரு குறையும் உண்டு. தப்பும் உருமியும் வழிவழியாக ஆண்கள் கையிலிருந்தவை. திண்டுக்கல்லைச் சார்ந்த சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தாமே கையிலெடுத்தது அண்மைக்காலப் புரட்சி. பெண்ணின் இசை தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கொழுந்து பறிக்கும் மலையிலே எழும் பாட்டிலும் இருந்தது. காமன் கூத்திலே எரிந்த கணவனுக்காக இரதி புலம்பும் புலம்பலைக்கூட ஆண்மகனே பெண்வேடந் தாங்கிப் பாடுவான். தாயின் போராட்டத்தைப் பாட வந்த இசைஞர், தாயரின் பாட்டை நாடாமல் ஆடவரின் முழவை நாடினார். ‘கலா’விலே ஒப்பாரி இல்லை. தையற் பொறியின் முன் குனிந்த பெண்ணும் கூடை சுமந்த பெண்ணும் தொழிலின்போது பாடுவது யாது என்ற வினா அங்கே கேட்கப்படவே இல்லை. முழக்கத்தால் வெல்ல நினைத்தவிடத்து முனகலுக்கு இடமில்லாமற் போயிற்று.

பிறர் இசையை ஒருவர் தம் பெயரால் வெளியிடுதல் பற்றிய வழக்குக்கு ‘கலா’ முதலன்று. போல் சைமன் என்னும் அமெரிக்கர் 1985-இல், பண்பாட்டுப் புறக்கணிப்பு நடைமுறையிலிருந்தபோதே தென்னாபிரிக்காவின் யொகன்னஸ்பேர்க் நகருக்குச் சென்று கறுப்பினக் கலைஞரோடு பதிந்து, ‘கிறேஸ்லான்ட்’ தொகுதியை 1986-இல் வெளியிட்டார். புறக்கணிப்பை மீறினார் என்ற கண்டனம் இன்றுவரை ஓயவில்லை. எனினும் அத்தொகுதியாற் கிற்றார் வாசித்த றே பிரி, அடித்தந்தி வாசித்த பகித்தி குமாலோ என்னும் பெயர்கள் உலகறிந்தவை ஆயின. ‘ஹோம்லெஸ்’ என்ற பாட்டின் ஆக்குநராகச் சைமனுடன் யோசப் சபலாலாவின் பெயரும் நின்றது. கண்டனத்துக்கு உரியவர் செய்த நற்செயல் இது. எம்.ஐ.ஏ.யின் நிலை வேறு. அவர் வெள்ளையருமல்லர்; வெளியாருமல்லர். தாம் தமிழர் என்பதை அக்காலத்து மேனாட்டு மேடைகளில் அவரளவுக்கு உரத்துச் சொன்ன இசைஞர் வேறொருவர் இலர். ஆயினும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒரு குடும்பத்தாருக்குத் தப்பும் உருமியும் ‘எங்கள் முழவு’ ஆகுமோ? அவ்வுரிமையைத் தமிழ் என்ற ஒரு சொல் முழுவதுமாகத் தந்துவிடாது. நாதசுரமும் தவிலும் அகத்தே நிற்க, பறை ஊர்க்கோடியில் நின்றது தமிழருக்குள்ளேயே நிகழ்ந்தது, வெள்ளையர் செய்ததன்று. அமெரிக்க இதழாகிய றோலிங் ஸ்ரோன் ‘கலா’வை 2007-ஆம் ஆண்டின் தலைசிறந்த தொகுதி எனப் போற்றிற்று. அப்போற்றுதலில் முழவு வந்தது, முழவோர் வரவில்லை.

தோட்டத்து வழக்கிற் ‘பேர்’ என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. ஒருநாள் வேலைக்கு உரிய கூலிப்பதிவே பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். அன்று உழைத்தும் பேர் விழாமற் போவதே தோட்டத்தொழிலாளி அறிந்த பேரிழப்பு. ஒலிப்பதிவுத் தொழிலிலும் பேர் என்பது கூலியும் புகழும் ஒருங்கே ஆவது. பதிந்த ஒலி எங்கே விற்றாலும் எத்தனை ஆண்டு ஒலித்தாலும், ஆக்குநர் எனப் பேர் பதிந்தவருக்கே பங்கு செல்லும். நாட்கூலிக்கு வந்து வாசித்துச் சென்றவருக்கு அன்றைய பேரோடு கணக்கு முடிந்தது. கூடத்தின் கணக்கும் பெரட்டுக்களத்தின் கணக்கும் அத்துணைத் தொலைவிலில்லை.

இவ்வளவும் மலையகத்துக்கு என்ன தொடர்பு என்று வினவுவோர் இருக்கலாம். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் ஒப்பாரிக் கோச்சி என்று மக்கள் பெயரிட்ட புகைவண்டியேறித் தலைமன்னார் வழியே தமிழகம் சென்றபோது, தப்பும் திரும்பிச் சென்றது. நீலகிரித் தோட்டங்களில் இன்றும் அதன் அடியைக் கேட்கலாம். ஆதலாற் கோடம்பாக்கத்துக் கூடத்தில் ஒலித்த முழவுக்கும் ஹற்றன் லயத்து முழவுக்கும் உறவு நெருங்கியது. இரண்டிற்கும் விதிதான் வேறு. ஒன்று வெட்டி ஒட்டப்பட்டேனும் உலகைச் சுற்றியது. மற்றது ஓரளவேனும் ஒழுங்காகப் பதிந்து வைக்கப்படவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ பெருஞ்செல்வம். ஆயின் நூல் சொல்லைத் தருமேயன்றி மெட்டையும் அடியையும் தராது. ‘பொன்னர் சங்கர்’, ‘அருச்சுனன் தபசு’, ‘காமன் கூத்து’ என மூன்று பெருங்கூத்துகளை இருநூறு ஆண்டாகக் காத்துவந்த சமூகம், அவற்றின் தாளக் கட்டை இன்று திருவிழாக் கைபேசிப் படங்களிலேயே நம்பி விட்டுவைத்துள்ளது. கைபேசியின் சிற்றொலிபெருக்கியோ தடித்த குச்சியின் அடியோசையை விழுங்கிவிட்டு, மெல்லிய குச்சியின் கிலுகிலுப்பை மட்டும் தருவது. கூம்பின் காலத்து இழப்பே வேறுருவில் மீண்டும் வந்திருக்கின்றது.

மேலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. தப்படித்தல் சாதியிழிவின் அடையாளமாகச் சுமத்தப்பட்டமையால், கற்ற இளைஞர் பலர் அதனைத் தொட மறுக்கின்றனர். அம்மறுப்பைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. சாவுவீட்டுக்கு அழைத்தால் வந்தே தீரவேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து விடுபட்டது விடுதலையே. தமிழ்நாட்டிற் பறையை விடுதலைக் கருவியாக மீட்டெடுத்தோர் அதே இளைஞரின் உடன்பிறப்புகள் என்பதும் உண்மையே. இவ்விரு உண்மைகளுக்கும் இடையில் நின்றுதான் மலையகத்தார் தம் முழவைப் பற்றி முடிவு செய்யவேண்டும். 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு முன்னோர் வழியிலேயே நடந்தோர், அந்நெடுவழியின் நினைவைத் தம் உடலாலேயே மீட்டனர். முழவின் நினைவும் அத்தகைய உழைப்பை வேண்டி நிற்பது.

பதிவு செய்ய விழைவோர் ‘கலா’விடமிருந்து கற்கவேண்டியது அதன் அண்மை. ஒலிவாங்கியைத் தோலுக்கு அருகிற் கொண்டுசென்ற துணிவை மேற்கொள்ளலாம். விலக்கவேண்டியது அதன் கத்தரிக்கோல். காமன் கூத்தைப் பதிவதாயின், மாசி அமாவாசை கழித்துக் காமன் ஊன்றும் நாளிலிருந்து பௌர்ணமியளவில் எரிக்கும் இரவு வரை களத்திலேயே இருக்கவேண்டும். அடிப்பவர், ஆடுபவர், இரதி வேடத்தில் புலம்புபவர் யாவர் பேரும் முழுப்பேராக எழுதப்படவேண்டும், அரைப்பேர் ஆகாது. இன்னுமொன்று, பதிவுக்காரர் பெரும்பாலும் வீணென்று நீக்கிவிடுவது: கூத்துத் தொடங்குமுன் வைக்கோல் தீயில் தப்பைக் காட்டித் திருப்பித் திருப்பிச் சூடேற்றுகையில், சுருதி வந்ததோ என்று அறியக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் ஒற்றையடிகள். அவற்றுக்குத் தாளமில்லை, நடுநடுவே இருமலும் பேச்சும் கேட்கும். முதலில் மந்தமாக விழும் அடி, தீ ஏற ஏறத் தெளிந்து, மலைமுகட்டில் மோதித் திரும்பத் தொடங்கும். அவ்வொலி கேட்டே கீழ் லயத்துப் பிள்ளைகள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு களத்துக்கு ஏறி வருவர்.